ஹாஜியாரின் மறுமொழி

முஹ்ஸின் ஹாஜியாருக்கு எல்லாம் விளங்குகிறது என்று அவருடைய மனைவி ரபீகா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஹாஜியாருக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்து ஒரு மாதம். கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் நான், ஷிரோமி. யார் எதைச் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன்.

"ஸலாம் சொன்னா பதில் ஸலாம் சொல்றார் மிஸ். சுகமாண்டு கேட்டா அல்ஹம்துலில்லாஹ்ண்டு சொல்றார். மகள்ட கலியாணத்துக்கும் அல்ஹம்துலில்லாஹ்ண்டு சொல்லிட்டார். வாற வெள்ளிக்கிழம நிக்காஹ்."

மகள் றுமைஸா தலையைக் குனிந்தபடி தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்."

அதே ராகத்தில், "கை கழுவுற சவர்க்காரம் குடிச்சீங்களா?" என்றேன்.

புன்னகை மாறாமல், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ரபீகாவின் முகம் வாடிப்போனது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு விட மனமில்லை. அவருக்குக் காதில் குறையில்லை. கேள்வியின் ராகமும் மூளைக்குப் போகிறது. இறைவனுக்கே புகழ் என்று ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய மறுமொழி அங்கே ஒரே துண்டாகக் கிடக்கும், ராகம் கேட்டதும் தானாக வந்துவிடும். சொல்லிலிருந்து பொருளுக்குப் போகிற வழிதான் அடைபட்டிருந்தது.

"அப்ப வாப்பா கலியாணத்துக்குச் சம்மதம் சொல்லல்லயா மிஸ்?" என்று றுமைஸா கேட்டாள்.

"கேள்வியே அவருக்குப் போய்ச் சேரலம்மா."

அந்த நேரம் தரை துடைக்க வந்த அம்மா, குனிந்த தலை நிமிராமல் சிங்களத்தில் காலைத் தூக்கச் சொன்னார். ஹாஜியார் இரண்டு காலையும் தூக்கினார்.

அந்த அம்மா கையால் ஒரு சைகையும் காட்டவில்லை. "கடையில என்ன பாஷை பேசுவார்?"

"சிங்களந்தான் மிஸ். நாப்பது வருஷம் சிங்களச் சனத்துக்குத்தான் புடவ வித்தார்."

வீட்டுத் தமிழ் போய், கடைச் சிங்களம் மட்டும் நிற்குமா? சிலருக்கு அப்படி ஆவதாகப் படித்திருக்கிறேன், கண்டதில்லை. சவர்க்காரம் குடித்தாரா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"பிஸ்ஸுத நோனா?" என்று முறைத்தார். எனக்குப் பைத்தியமா என்று கேட்கிறார்! சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

றுமைஸாவால் பொறுக்க முடியவில்லை. தகப்பன் முன்னால் முழங்காலிட்டு, கடுகண்ணாவை ஊர் மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை நிக்காஹ், எல்லாவற்றையும் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். கடைசியில், "வாப்பா கெமதித?" என்றாள். சம்மதமா என்று.

ஹாஜியாரின் புன்னகை போய்விட்டது. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவ கெமதித?"

மகளுக்குச் சம்மதமா? கலியாணம் பேசிய நாள் முதல் அதை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பது ரபீகாவின் முகத்திலேயே தெரிந்தது.

"அல்ஹம்..." என்று தொடங்கிய றுமைஸா நிறுத்தினாள். பிறகு வாப்பாவுக்கு விளங்கும் பாஷையில், "நே வாப்பா" என்று சொல்லி அழுதாள்.

அந்த 'இல்லை' அவருக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.