சிமெண்ட் தின்ற கை

சிமெண்டுக்குச் சொந்தபந்தம் தெரியாது. கொத்தனார் வீட்டுப் பெண்ணாயிற்றே, போனால் போகிறது என்று விட்டுவிடாது. கடை திறக்க ஐந்து நாள் இருக்கும்போது அது அவளுடைய விரல் நுனிகளைத் தின்றுவிட்டது.

தப்பு அவளுடையதுதான். தெருமுனையில், முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்த ஓர் ஒற்றை அறையைப் பார்லர் வைக்கப் பிடித்திருந்தாள். அறை நன்றாகத்தான் இருந்தது, பின்சுவர் மட்டும் சரியில்லை. ஈரம் ஏறிப் பூச்சு பொரிந்து, தொட்டால் உதிர்ந்தது. ஃபேஷியல் கட்டிலின் தலைமாடு அந்தச் சுவர்ப்பக்கம்தான் வந்தாக வேண்டும். முகத்தை அழகாக்க வருகிறவள் தலையில் சுண்ணாம்பு கொட்டினால் அப்புறம் எந்தக் காலத்திலும் வரமாட்டாள். எனவே கொத்தனாரான அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பழைய பூச்சைச் செங்கல் தெரியுமட்டும் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசினான்.

அவள் சும்மா நின்று பார்த்திருக்கலாம். அந்த வீட்டில் பிறந்தவள் எப்படிச் சும்மா நிற்பாள்? எட்டு வயதில் அப்பாவுக்குப் பூச்சுக் கரண்டி எடுத்துக் கொடுத்தவள். அதனால் வீட்டில் அவள் பெயரே கரண்டி. பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி சுமந்தவள். சட்டைக் கையை மடித்துவிட்டு வெறும் கையால் கலவையைக் குழைத்தாள். மூலைகளை விரலாலேயே இழைத்தாள். அவர்கள் வீட்டில் யாரும் சிமெண்டுக்குக் கையுறை போட்டதில்லை. போட்டால், "என்ன, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தே விரட்டியிருப்பார்கள்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். ஒன்பது வருடம் ஒரு பெரிய பார்லரில் வேலை பார்த்த கை அது. கிரீமிலும் எண்ணெயிலும் ஊறி, சட்டி சுமந்த காலத்துக் காய்ப்பெல்லாம் உதிர்ந்து, வசதியான வீட்டுக் கை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை, சிமெண்டுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் எரிச்சல். அதற்கு மறுநாள் விரல் நுனியெல்லாம் ஆணியால் குத்தினது போலப் பொத்தல். வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெடிப்பு, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே கரண்டி?" என்று அண்ணன் தன் கையை விரித்துக் காட்டினான். அவனுக்கு என்ன ஆகும்? அது செருப்புத் தோல்.

வாஸ்லின் தடவிப் பருத்தித் துணி சுற்றிக்கொண்டு தூங்கினாள். பாத்திரம் தேய்ப்பதை அண்ணி வாங்கிக்கொண்டாள். வெடிப்பு மூடுவதாக இல்லை. கடை திறக்கும் நாளும் வந்தது.

முதல் வாடிக்கையாளர் காலை பத்து மணிக்கு. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். பழைய பார்லரில் ஒரே ஒரு தடவை இவள் கைக்கு வந்தவர். எழுந்து போகும்போது, "உன் கை பட்டதே தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவளுக்குத் தனியாகப் பெயர் வந்துவிடக் கூடாதென்று, பிறகு எப்போது வந்தாலும் முதலாளியம்மா அவரை வேறு ஆளிடம் அனுப்பிவிடுவாள். இவள் வெளியே வந்து தனியாகக் கடை போடுகிறாள் என்று கேள்விப்பட்டு, அவரே விசாரித்து, ஃபோன் பண்ணி, முதல் நாள் முதல் நேரத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவருக்குக் கீழே நாற்பது நர்ஸுகள். பெரிய சிஸ்டர் நன்றாயிருக்கிறது என்றால் நாற்பதும் வரும். அவர் முகம் சுளித்தால் நாற்பதில் ஒன்றுகூட இந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காது. அவர் தேடி வருவதோ இந்தக் கையை.

"க்ளவுஸ் போட்டுக்கிட்டுச் செய். மூச்சு விடாதே. ஏதாவது கேட்டா நான் பார்த்துக்கறேன்" என்றாள் அண்ணி. ஃபோன் எடுக்கவும் பெயர் எழுதவும் தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து, முன்மேஜையில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க பார்த்துக்கறதுதான் எனக்குப் பயம் அண்ணி."

பெரிய சிஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். தடித்த உடம்பு, நடை மட்டும் வேகம். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், துண்டை மோந்து பார்த்தார், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

முகம் துடைத்தது, ஆவி காட்டியது, ஸ்க்ரப் போட்டது, மூக்கோரத்துக் கரும்புள்ளிகளை எடுத்தது எல்லாம் கையுறையோடு நடந்தது. கண்ணில் ஈரப் பஞ்சை வைத்துவிட்டு மசாஜுக்குக் கிரீம் எடுத்தபோதுதான் பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தார்.

"இனிமே அந்தக் கண்றாவியக் கழட்டிடும்மா. நாள் பூரா நான் அதைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறேன். அந்த ரப்பர் வாசனை மறக்கத்தான் இங்க வந்து படுத்திருக்கேன்."

கழற்றினால் வெடித்த விரல் சொரசொரவென்று கன்னத்தில் இழுக்கும். அதுகூடப் பரவாயில்லை. ரத்தம் தெரிகிற வெடிப்பை இன்னொருத்தி முகத்தில் வைக்கிற வேலை மட்டும் அவளால் ஆகாது.

திரைக்குப் பின்னால் அண்ணியின் நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் எழுந்து தொட்டியடிக்குப் போனாள். கையுறையைக் கழற்றவில்லை. முன்கைகளை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். சிமெண்ட் படாத இடம் அது. உள்பக்கத் தோல் பிள்ளைத் தோல் மாதிரி இருக்கும். அங்கே கிரீமைத் தடவிக்கொண்டு, விரல்களை மடக்கிப் பின்னால் வைத்துக்கொண்டு, குனிந்து, முன்கையாலேயே தாடையிலிருந்து காது வரை மெல்ல உருட்டினாள். சுவரில் மட்டப்பலகை இழுக்கிற மாதிரிதான். அழுத்தம் எங்கேயும் ஏறவும் கூடாது, குறையவும் கூடாது. கழுத்தில் கீழிருந்து மேலே, நெற்றியில் நடுவிலிருந்து ஓரத்துக்கு. பத்து நிமிஷத்தில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"என்னம்மா இது? கை மாதிரி இல்லையே?"

"முன்கை, சிஸ்டர்."

"ம்."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சன்னமாகக் குறட்டை வந்தது.

பேக் போட்ட பிறகுதான் விழித்தார். சாம்பல் நிறக் களிமண் பேக். முகம் முழுக்க அப்பி, காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. உதட்டை மட்டும் அசைத்துப் பேசினார்.

"இதை எங்க கத்துக்கிட்ட? அந்தப் பார்லர்ல இதெல்லாம் கிடையாதே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் திரைக்கு அப்பாலிருந்து அண்ணி முந்திக்கொண்டாள்.

"வெளிநாட்டு முறை சிஸ்டர்! இப்பத்தான் புதுசா வந்திருக்கு. இந்தப் பக்கத்துல வேற யாருக்குமே தெரியாது!"

"அப்படியா! எங்க பொண்ணுங்ககிட்டச் சொல்றேன். டூட்டி முடிச்சு இடுப்பொடிஞ்சு வர்றவளுங்களுக்கு இதுதான் வேணும். ஒவ்வொருத்தியா அனுப்பறேன்."

வேண்டியது வாசல் தேடி வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும்.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். புதுப்பூச்சு மாதிரி இருந்தது. அண்ணன் வேலையில் ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்கமாட்டான். பொரிந்த பூச்சின் மேலேயே புதுப்பூச்சு பூசச் சொன்னால், கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவான். மூன்று மாதம் நிற்கும், அப்புறம் மொத்தமாகக் கழன்று விழும், கெட்ட பெயர் யாருக்கு என்பான்.

"வெளிநாடும் இல்ல ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள். "எங்க அண்ணி சும்மா சொல்றாங்க. சுவர் பூசினேன். சிமெண்ட் கையைத் தின்னுடுச்சு. விரலை உங்க முகத்துல வைக்க முடியல, அதான் முன்கையால செஞ்சேன்."

வெளியே நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

பெரிய சிஸ்டர் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "கழட்டு. காட்டு."

காட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். நாடி பார்க்கிற பிடி.

"எத்தனை நாள் ஆச்சு?"

"அஞ்சு."

"இதோடயா கடை திறந்த? அறிவிருக்கா உனக்கு?" கோபத்தில் புருவத்துக்கு மேலே பேக் விரிசல் விட்டது. "இந்தக் கை என் முகத்துல பட்டுதா?"

"படல சிஸ்டர். மொதல்லயிருந்து க்ளவுஸ்தான். அப்புறம் முன்கை. அதையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்."

"தண்ணி சத்தம் கேட்டுது." அவர் கையை விடவில்லை. "கொத்தனாருங்க வருவாங்க எங்ககிட்ட, இதே மாதிரி. காலெல்லாம் வெந்துபோய் வருவாங்க. நீ எதுக்குடி சுவர் பூசப் போன?"

"எங்க வீட்டுத் தொழிலே அதான் சிஸ்டர். பார்த்துக்கிட்டுச் சும்மா நிக்க வரல."

"சும்மா நிக்கக் கத்துக்க." அவர் திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "வெளிநாட்டம்மா! இங்க வா."

அண்ணி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னிக்கு இன்னும் யார் யாரு வர்றா?"

"மத்தியானம் ரெண்டு பேரு... மேல்வீட்டு அக்கா, அப்புறம் டெய்லரம்மா."

"ரெண்டு பேருக்கும் ஃபோன் போட்டு வேண்டாம்னு சொல்லிடு. பத்து நாளைக்கு இவ யாரையும் தொடக்கூடாது. தண்ணியில கையே வைக்கக்கூடாது." அவளிடம் திரும்பினார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வா, தோல் டாக்டர்கிட்டக் காட்டறேன். பதினோராவது நாள் நான் இங்க வருவேன். மொதல்ல கையைப் பார்ப்பேன். அப்புறம்தான் படுப்பேன். இப்ப இந்தக் கருமத்தைத் துடைச்சு விடு, முகம் இழுக்குது."

"உங்க பொண்ணுங்க..." என்று அண்ணி இழுத்தாள்.

"பொண்ணுங்களைப் பத்தி இப்பப் பேச்சே கிடையாது."

திறந்த அன்றைக்கே கடை மூடியது. பலகையில் 'பத்து நாள் விடுமுறை' என்று அண்ணிதான் எழுதினாள். கரண்டிக்குச் சாக்பீஸ் பிடிக்கவும் விரல் எரிந்தது.

"ஒரு வார்த்தை. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நாற்பது பேருடி!" என்று அண்ணி வழியெல்லாம் புலம்பினாள்.

"வந்திருப்பாங்க. நாற்பது பேருக்கும் முன்கையால செஞ்சா என் இடுப்பை யாரு வந்து பூசறது?"

அந்தப் பத்து நாளில் அண்ணன் தொட்டிக்குக் கீழே விட்டுப்போன இடத்தைப் பூச வந்தான். அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காருவது கலவை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அங்க மேடு நிக்குது பாரு" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். "வாயையும் கட்டு" என்றான் அவன்.

பதினோராவது நாள் பத்து மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்தார். கூடவே ஓர் இளம் நர்ஸ். டூட்டி முடிந்த முகம், உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகியது. மற்ற பெண்களும் வருவார்களா என்று கேட்க வந்ததை அண்ணி மென்று விழுங்கினாள்.

"கை."

நீட்டினாள். விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார். கட்டைவிரலைத் தன் கன்னத்தில் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

மசாஜுக்கு வந்தபோது அவளே கையுறையைக் கழற்றினாள். பத்து விரலாலும் செய்தாள். ஒன்பது வருடம் பழகிய வேலை. இழுக்கவில்லை, சொரசொரக்கவில்லை, பட்டது தெரியவில்லை.

"ம். கை வந்துடுச்சு" என்றார் சிஸ்டர்.

பிறகு பஞ்சுக்கு அடியில் புருவம் மட்டும் அசைந்தது.

"அது செய்யமாட்டியா?"

"எது சிஸ்டர்?"

"அதான். உங்க அண்ணியோட வெளிநாட்டு முறை."

அவள் எழுந்து தொட்டியடிக்குப் போய், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.