பின்வாசல் வழியாகப் போன மழை

இனிஷ்கரா தீவின் மழை தீவைவிட்டுப் போன மார்ச் மாதக் காலையில், டீலியா மக்டோனாவின் சமையலறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு: அடுப்பை ஒட்டிய நாற்காலியில் டீலியாவின் கணவர் கோல்மன்; மேசையின் தலைப்பக்கம், கால்வே நகரத்துக் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆலிவர் கியோ; சன்னலோரப் பெஞ்சில் அவருடைய மாணவிகள் நெருக்கியடித்துக்கொண்டு; அவர்களுக்கு எதிரே, பாத்திர அலமாரிக்குக் கீழே, மாணவர்கள் சிலர்; பின்வாசலை ஒட்டி, அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல், ஃபெர்கல் டோலன் என்ற ஒல்லியான பையன். டீலியா உட்காரவில்லை. அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது.

அவர்கள் தீவின் பாறைகளைப் பார்க்க முந்தைய நாள் வந்து, ஓர் இரவு தங்கி, ஒரு பாறையையும் பார்க்காமல் திரும்ப இருந்தார்கள். இனிஷ்கராவில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும். எதிரே கை நீட்டினால் விரல் தெரியாது. மாணவர்களை வீட்டில் தங்கவைத்துப் பிழைக்கும் டீலியாவுக்கு மழையோடு ஒரே ஒரு வழக்குதான். போன கோடையில் துவைத்த படுக்கை விரிப்புகள் இன்னும் காய்ந்தபாடில்லை. அவை அடுப்புக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தன. விருந்தினர்கள் அவற்றை விலக்கிக்கொண்டு ஒருவரோடொருவர் பேசினார்கள்.

இனிஷ்கராவில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வது மரியாதை. ஃபெர்கல் கடலிலிருந்து தள்ளிய உள்நாட்டுப் பக்கத்துக்காரன். அவன் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"இன்னொரு துண்டு ரொட்டி வெச்சுக்கோ தம்பி."

"போதும் வீட்டம்மா. வயிறு நெறைஞ்சு போச்சு."

"நெறைஞ்ச வயிறா இது? உன்னையும் சேத்துக் கொடியில போட்டா விரிப்புக்கு முன்னாடி நீ காஞ்சிருவ."

"நெஜமாவே வேணாங்க."

"வாங்கிக்கோ தம்பி," என்றார் கோல்மன். "கல்யாணமான புதுசுல நானும் ஒருதடவ வேணாம்னு சொல்லிப் பாத்தேன். அதோட விட்டுட்டேன்."

டீலியா வெண்ணெய் எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஃபெர்கல் பின்கதவைத் திறந்துகொண்டு படகுத்துறைக்கு ஓடிவிட்டான். அவன் முந்தைய நாள் வந்தது முன்வாசல் வழியாக. வந்த வாசலை விட்டு வேறு வாசல் வழியாகப் போகிறவன் அந்த வீட்டைச் சேர்ந்த ஏதாவது ஒன்றைக் கூடவே கொண்டுபோய்விடுவான் என்பது தீவில் குழந்தைக்கும் தெரியும். பொதுவாகச் சின்ன விஷயங்கள்தான் போகும். வரி வசூலிக்க வந்த ஒருவர் அப்படிப் போனதில் கடிகாரத்தின் டிக்டிக் சத்தம் அவரோடு போய்விட்டது. கடிகாரம் இன்றும் சரியான மணி காட்டுகிறது, பேச்சுதான் இல்லை. இந்தத் தடவை போனது மழை. படகோட்டி மார்ட்டின் அதைக் கண்ணால் பார்த்தான். அக்கரைவரைக்கும் கன்றுக்குட்டி மாதிரி, எல்லோரும் ஏறியிருந்த படகின் பின்னாலேயே வந்தது என்றும், அதற்குக் கட்டணம் கேட்கத் தனக்குத் தோன்றவில்லை என்றும் சொன்னான்.

முதல் வாரம் டீலியாவைப் பிடிக்க முடியவில்லை. விரிப்புகள் காய்ந்தன, திரைச்சீலைகள் காய்ந்தன, கோல்மனின் கல்யாணக் கோட்டு காய்ந்து இரண்டு அளவு சுருங்கியது. தீவே துணிக்கொடி கட்டியது. பிறகு தொட்டிகள் வற்றின. இனிஷ்கராவில் ஊற்று கிடையாது. கூரையில் விழும் மழைதான் குடிநீர். ஏப்ரல் முடிவதற்குள் கோல்மன் தேநீரில் முகம் மழித்துக்கொண்டிருந்தார், பசு சன்னல் கண்ணாடியின் பனியை நக்கிக்கொண்டிருந்தது. கோடையில் ஐரிஷ் மொழி படிக்க வரும் பிள்ளைகளைத் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கரையில் கோல்மனின் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே, தீவில் இல்லாத வழக்கமாக, செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தேநீர் அவ்வளவு நீர்த்திருக்கும், கோப்பையின் அடி தெரியும். டீலியா மழையைத் தேடிப் பிடிப்பது என்று முடிவு செய்தாள்.

அவள் நாற்காலிகளை அன்றைக்கு இருந்தபடியே போட்டு, உட்கார்ந்திருந்த ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு கரண்டியை வைத்தாள். பிறகு முன்வாசல் வழியாகப் போனதை அவள் பார்த்தவர்களின் கரண்டிகளை ஒவ்வொன்றாக அதே வாசல் வழியாக வெளியே கொண்டுபோனாள். கூடையின் மேல் வைத்த கரண்டி மட்டும் மிஞ்சியது.

"ரொட்டிக்குப் பயந்தானே, அவன்தான்," என்றார் கோல்மன்.

தீவில் தொலைபேசி தபால் அலுவலகத்தில் ஒன்றுதான். அதில் பேசினால் வரிசையில் நிற்பவர்களும் பேசியதுபோலத்தான்.

"கியோ சார், உங்க பையன் ஃபெர்கல் எங்க மழையக் கொண்டுபோயிட்டான்."

"அவனா? வகுப்பு தொடங்கறப்பவும் விடறப்பவும் அவன் பக்கத்துச் சன்னல் மட்டும் ஒழுகுது. குழாய்ல கோளாறுன்னு நெனச்சேன்."

"ரெண்டு மாசமா யாருமே கவனிக்கலையா?"

"இது கால்வேங்க," என்றார் கியோ. "இங்க எப்பவும் மழைதான், யாரு கவனிப்பாங்க?"

மே மாத முதல் வாரத்தில் ஃபெர்கல் தீவுக்கு வந்தான், மழை பின்னால் வந்தது. மழையைத் திருப்பி விட்டுப்போக, அவன் போன பின்வாசல் வழியாகவே உள்ளே வந்து முன்வாசல் வழியாக வெளியே போக வேண்டும். இரண்டு வாசலுக்கும் நடுவே மேசை இருந்தது. மேசையில் ரொட்டி இருந்தது. ஃபெர்கல் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டான். இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு அவன் முன்வாசலைத் தாண்டியபோது மழை அவனோடு போகாமல் கூரையிலேயே நின்றுவிட்டது. தொட்டிகள் பேச ஆரம்பித்தன.

ஆனால் மழை பழைய மழையாக இல்லை. இரண்டு மாதம் கல்லூரிக்குப் போய்வந்ததில் அது நேரத்துக்குப் பழகியிருந்தது. காலையில் ஃபெர்கல் வகுப்புக்கு நடக்கும் நேரத்தில் பெய்யும்; பாடம் நடக்கும் நேரம் முழுக்க மூச்சுக் காட்டாது; மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம்; மாலையில் வகுப்பு விட்டதும் ஒரேயடியாக. சனி, ஞாயிறுகளில் அவன் போர்த்திக்கொண்டு தூங்குவான், ஆகையால் மழையும் வராது. இதைவிடச் சௌகரியமான மழை தங்களுக்கு வாய்த்ததில்லை என்று தீவில் பேசிக்கொண்டார்கள். டீலியாவின் விரிப்புகள் முற்பகலில் காய்ந்து, மதியச் சாரலுக்கு முன் மடிந்து அலமாரிக்குள் போயின.

கோல்மன்தான் ஒருநாள் கேட்டார். "அது சரி, காலேஜுக்கு எப்ப லீவு?"

டீலியா கையில் இருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். மே கடைசியோடு கல்லூரி மூடிவிடும். செப்டம்பர் வரைக்கும் மணி அடிக்காது.

அன்று பிற்பகல் அவள் மேசை முன் உட்கார்ந்தாள். கோல்மன் எழுந்து நின்றார். அவள் ஆலிவர் கியோவுக்கு எழுதினாள்: சென்ற முறை தாங்கள் பார்க்காமல் போன பாறைகள் அதே இடத்தில் இருக்கின்றன, ஆகவே கோடை முழுவதும் பாறைப் பாடத்தைத் தீவின் பள்ளிக்கூடத்தில் நடத்த வேண்டும், காலை வகுப்பு தவறாமல் தொடங்க வேண்டும், வருகைப் பதிவு சத்தமாக எடுக்கப்பட வேண்டும், எக்காரணம் கொண்டும் வகுப்பை ரத்து செய்யக் கூடாது. உலர்ந்த படுக்கைக்குத் தான் பொறுப்பு.

"ஞாயித்துக்கிழமையும் வகுப்பு வைக்கச் சொல்லேன்," என்றார் கோல்மன், தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே. "உருளக்கிழங்குக்கு நல்லது."

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஓய்வு வேணாமா?"

"பிள்ளைங்களுக்கா, மழைக்கா?"

"ரெண்டுக்கும்தான்," என்றாள் டீலியா. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, முஷ்டியால் அழுத்தி ஒட்டி, துறையில் காத்திருந்த மார்ட்டினிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கால்வேயில் கடைசி வகுப்பு விடும் நேரம். மார்ட்டின் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கடிதத்தைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, முதல் துளி விழ, கயிற்றை அவிழ்த்தான்.