வக்கீல் தியானத்தில் இருக்கிறார்

அபிதகுசாம்பாளின் கை, கணவரின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றுவிட்டது. வாசற்படியிலிருந்து குமாஸ்தா தணிகாசலம் பதறினார்.

“தொடாதீங்கம்மா. ஆழத்துல இருக்கசொல்ல யாராவது தொட்டா உயிரு அப்பிடியே பூடும்னு ஐயாவே சொல்லிக்கீறாரு.”

சொன்னது உண்மைதான். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் வக்கீல் சிவப்பிரகாசம் மலைமேல் இருந்த ஓர் ஆசிரமத்தில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். போனவர் ஆரணி முன்சீப் கோர்ட்டு வக்கீல், திரும்பியவர் ஞானி. வக்கீல்கள் சங்கத்தில் ‘வழக்காடலும் மன ஒடுக்கமும்’ என்று பேசினார். கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கேயே கண்ணை மூடிப் பயிற்சி எடுத்தார்கள், சிலர் குறட்டையோடு. முன்பெல்லாம் கத்தித் தோற்றுக்கொண்டிருந்தவர், அதன் பிறகு அமைதியாகத் தோற்றார். கட்சிக்காரர்களுக்கும் அது ஒரு மாதிரி கௌரவமாகத்தான் இருந்தது.

தினமும் கோர்ட்டுக்குக் கிளம்புமுன் ஆபீஸ் அறையில் உட்காருவார். முதுகுக்குப் பிடிமானம் இல்லாமல் ஞானம் கைகூடாத உடம்பு. அதனால் சுவருக்கும் சட்டப் புத்தக அலமாரிக்கும் நடுவே, மூலையில், தலையணை கொடுத்துப் பொருந்திக்கொள்வார். பக்கத்தில் காபி டம்ளர் வைக்கும் ஓசை கேட்டால் ஒற்றைக் கண் திறக்கும். ஆவி பறக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். ஊருக்குத் தெரியாத அந்த ஒற்றைக் கண்ணைப் பற்றி அபிதகுசாம்பாள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

இன்று டம்ளரை வைத்தாள். கண் திறக்கவில்லை. எடுத்து, கொஞ்சம் ஓங்கி வைத்தாள். காபியில் ஆடை படிந்ததுதான் மிச்சம்.

தொட்டு, அதனால் உயிர் போனால் கொன்றவள் அவள். தொடாமல் விட்டு, உள்ளே அவர் உதவிக்குத் தவித்துக்கொண்டிருந்தால், அப்போதும் கொன்றவள் அவள்தான். கை தானாகக் கீழே இறங்கியது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். டாக்டர் ஊசி போட்டுத் தியானத்தைக் கலைத்துவிட்டால் ஐயா முகத்தில் எப்படி விழிப்பது என்று தணிகாசலத்துக்கு அவர் கவலை. கோர்ட்டுக்கு ஓடி, என்ன காரணம் சொன்னாரோ, வாய்தா வாங்கிக்கொண்டு, கையோடு வக்கீல் பரசுராமனையும் அழைத்து வந்தார். பின்னாலேயே வரப்புத் தகராறு கேசுக்காரர், சேவூர் குப்புராஜ்.

பரசுராமன் அதே ஆசிரமத்தில் மூன்று நாள் மட்டும் இருந்தவர். அந்தக் குறை அவருக்கு உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

“பெரிய நிலை அண்ணி இது. மூச்சே தெரியல பாருங்க. எங்களுக்கெல்லாம் எந்தக் காலத்துல வாய்க்கும்?”

சொல்லிவிட்டு எதிரே சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தனக்குப் புரியவில்லை என்று காட்டிக்கொள்ள யாருக்கும் மனமில்லை. வராண்டாவில் காத்திருந்த கட்சிக்காரர்களும் வரிசையாகக் கண்ணை மூடினார்கள். ஒருவர் போய் அடுத்த வீட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்தார். குப்புராஜ் மட்டும் தணிகாசலத்தின் காதில் முனகினார்.

“போன வாய்தாவுக்கும் இதான் சொன்னீங்க. எழுந்தார்னா என் வரப்பு என்னாச்சுன்னு கேளுங்க சாமி.”

தறி நின்றதும் அறை பயங்கரமாகிவிட்டது. பரசுராமனின் மூக்கு மெலிதாக விசிலடிப்பது கேட்டது. தன் மூச்சு அவளுக்கே கேட்டது. மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஓர் ஈ அவர் இமை விளிம்பில் உட்கார்ந்து, நிதானமாக நடந்து, இன்னொரு இமைக்குப் போனது.

அவள் தொட்டாள்.

“வேணாம் அண்ணி” என்றார் பரசுராமன், கண்ணைத் திறக்காமலே.

தோள் குளிர்ந்திருந்தது. லேசாக அசைத்தாள். மடித்த கால் மடித்தபடியே, வக்கீல் முழுசாகப் பக்கவாட்டில் சாய்ந்தார்.

சத்தத்தில் எல்லாக் கண்களும் திறந்தன. திறந்த கண்கள் பார்த்தது ஒன்றைத்தான்: அவள் கை நீண்டிருந்தது, அவர் விழுந்து கிடந்தார். தணிகாசலம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அபிதகுசாம்பாள் அந்தக் கையைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். இதயம், காலையிலேயே முடிந்துவிட்டது என்றார். காலையில் என்றால் காபிக்கு முன்பா, பின்பா? அவள் வாய் திறந்தாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

பரசுராமனுக்குத் தெம்பு திரும்பியது. இது சாவே இல்லை, சமாதி என்று வராண்டாவில் விளக்கினார். உட்கார்ந்த நிலையிலேயே குழியில் இறக்கி, மேலே மேடை கட்டி, வருஷா வருஷம் சங்கத்தின் சார்பில் பூஜை நடத்த வேண்டும். குப்புராஜ்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நீட்டிப் படுக்க வையுங்க” என்றாள் அபிதகுசாம்பாள்.

“காலு வெறச்சிபோச்சு அண்ணி. வராது. அவரே அப்பிடித்தானே போகணும்னு...”

“கால நீட்டினாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்.”

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து முழங்காலில் சுற்றினாள். வெளியே மேடையின் உயரத்தைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மெல்ல அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கால் இளகி, தானாகவே அசைவதுபோல ஒரு விரற்கடை நகர்ந்தது.

சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். துணி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அதை அவிழ்த்து, மறுபடியும் வெந்நீரில் நனைத்தாள்.