தைலக்கடைக்காரன் பிள்ளை

மேட்டுப்பாளையம் பஸ் குன்னூர் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தரணிதரன் அதற்குள் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றுவிட்டான். கடையை விட்டு நகர முடியாமல் பத்து வாரமாகப் பெற்ற பிள்ளையைப் போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு மணி நேரமெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

மார்க்கெட்டுக்குள் அவனுக்கு நீலகிரித் தைலம் விற்கிற கடை. கடைக்கு மேலேயே வீடு. பிள்ளை கிருத்திக் அந்த வீட்டில்தான் ஐந்து மாதம் கொழுகொழுவென்று வளர்ந்தான். யார் கண் பட்டதோ, கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்து தோல் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, “மலைக் குளிரு ஆகலீங்க.” ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டியும் குறையவில்லை. கடைசியில் மாமனார் ஆறுமுகசாமி வந்து, பனி போகட்டும் என்று மகளையும் பேரனையும் கீழே சமவெளியில் இருக்கும் அன்னூருக்கு அழைத்துப்போனார்.

பனி போய் வெயிலும் வந்துவிட்டது. கரப்பான்தான் போகவில்லை. மனைவி ராஜப்ரியா கீழ்நாட்டுப் பெண். ஒருவேளை அவளுக்கே மேலே வர இஷ்டமில்லையோ என்று அவனுக்கு ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே! அதனால் தினமும் பாலையும் தூக்கத்தையும் பற்றியே விசாரித்துவிட்டு வைத்துவிடுவான். மாடியில் கட்டிய தொட்டில் சேலையை இன்னும் அவிழ்க்கவில்லை.

இங்கே நல்ல டாக்டரம்மா இருக்கிறார், ஒரே ஒரு நாள் காட்டிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சித்தான் இன்றைக்கு வரவழைத்திருந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமனார் முதலில் சொன்னது, “நாலரை பஸ்ஸுக்குத் திரும்பிடோணுங்க மாப்ளே.”

“ஆகட்டுங்க மாமா” என்றவன் மனைவியைப் பார்த்தான். இளைத்திருந்தாள். அவள் தோளிலிருந்த கிருத்திக், சொறியாமலிருக்கக் கையில் மாட்டிய காலுறையோடு அவனையே உற்றுப் பார்த்தான். பிறகு எந்தச் சிணுங்கலும் இல்லாமல் தாவி வந்து, அப்பன் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தான். எட்டு மாதப் பிள்ளை, இத்தனை நாள் கழித்தும் ஆளை மறக்கவில்லை! தரணிதரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் பிள்ளையை யாரிடமும் கொடுக்காமல் அவனே தூக்கிப்போனான்.

டாக்டர் தபித்தாள் பிள்ளையின் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார்.

“கம்பளி தோல்ல படவே கூடாதும்மா. உள்ள பருத்திச் சட்டை போடுங்க. குளிக்க வெதுவெதுன்னு தண்ணி, அஞ்சே நிமிஷம். துண்டால தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள இந்தக் களிம்பைத் தாராளமாப் பூசணும். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க.” எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். “யாரு தைலம் போட்டிருக்கறது?”

“யாரும் போடலீங்க. நம்மளது தைலக்கடைங்க, மேலயே ஊடு” என்றான் தரணிதரன். குளித்துவிட்டு வந்தும் தன் மேல் அந்த வாசம் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

“பிள்ளை கன்னத்தைப் பாருங்க.” அவன் கழுத்தில் தேய்த்த பக்கம் திட்டாகச் சிவந்திருந்தது. “இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கரப்பான் தோலுக்கு இந்த மாதிரி எண்ணெய் எல்லாம் எரிச்சல்தான். நிறுத்திப் பாருங்க.”

“அன்னூர்ல ஏதுங்க தைலம்? அங்கயும் கொறையலீங்களே” என்றார் ஆறுமுகசாமி.

ராஜப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். பையைத் திறந்து ஒரு பழைய துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தரணிதரன் கடையில் தோளில் போட்டிருக்கும் துண்டு. காணாமல் போய்விட்டது என்று அவன் தேடாத இடமில்லை.

“அப்பாவுக்கு மூட்டுவலின்னு உங்ககிட்ட ரெண்டு பாட்டில் அனுப்பச் சொன்னனே…”

“எனக்கெங்க கண்ணு மூட்டுவலி?” என்றார் மாமனார்.

“இதுலதான் ரெண்டு சொட்டு விட்டுத் தொட்டில்ல தலைமாட்டுல போட்டு வெப்பனுங்க. பையன் உங்க வாசத்தை மறந்துடக் கூடாதுன்னு.” குரல் இறங்கிவிட்டது. “எனக்குந்தான். அது இல்லாம தூக்கம் வரலீங்க.”

தரணிதரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் படுத்தி எடுத்ததே தன் வாசந்தான் என்பது ஒரு பக்கம் நெஞ்சை அறுத்தது. அந்த வாசத்துக்கு ஒருத்தி இப்படி ஏங்கிக் கிடந்திருக்கிறாள் என்பது அதைவிட அறுத்தது.

வெளியே வந்ததும் அவள் அவன் கையைப் பிடித்தாள். “குளிராலன்னு டாக்டரம்மா சொல்லலீங்களே. நான் இன்னைக்குப் போகலீங்க. நம்மூட்டுக்குப் போலாம்.”

பத்து வாரமாக எந்த வார்த்தைக்குக் காத்துக் கிடந்தானோ அந்த வார்த்தை. கடைக்கு மேலே அந்த வீட்டின் சுவரெல்லாம் தைலம் ஊறிக் கிடப்பது அவனுக்குத் தெரியும்.

“வேண்டாங் கண்ணு. நாலரை பஸ்ஸுக்கே போ” என்றான். “தைலக் கேனையெல்லாம் வேற எடத்துக்கு மாத்தி, ஊட்டுக்குச் சுண்ணாம்படிச்சுட்டு நானே வந்து கூட்டிட்டு வர்றேன். அப்பவும் வாசம் போகலேன்னா வேற ஊடு பார்த்துட்டு வர்றேன்.”

அவள் அழுதாள். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது கிருத்திக் அவனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். தரணிதரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அலற ஆரம்பித்தான். ஆறுமுகசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“துண்டைக் குடு” என்றான் அவன் ஜன்னல் வழியாக. அவள் மடியிலிருந்து எடுத்து, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள்.

பஸ் வளைவில் மறைந்த பிறகு அவன் துண்டை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தான். தைல வாசம் துளிகூடத் தெரியவில்லை. பிள்ளையின் பால் வாசந்தான் வந்தது.