ஊர்வலத்தில் ஒரு கட்டில்

மூன்று மாதக் குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர் மாயென் சங்கத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். கூட்டம் மாடியில், விரிவுரை அறையில் நடந்துகொண்டிருந்தது. அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பாதியில் குழந்தைகள் வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடம்பு வற்றிக் கிடந்தது. கையில் இல்லை, காலில் இல்லை. கடைசியில் தலையோரம் ஒரு நரம்பு அகப்பட்டது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, நெற்றி வியர்வையைத் தோளில் ஒற்றியபடி மேலே வந்தபோது, அறையிலிருந்த எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். குழந்தை பிழைத்த செய்தி தனக்கு முன்னால் மாடியேறிவிட்டது என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

"வாழ்த்துகள், தலைவி" என்றான் உபோங். எலும்பு முறிவுப் பிரிவுக்காரன். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான்; எந்தப் பேச்சிலும் நிமிர்ந்துதான் நிற்பான்.

"என்ன தலைவி? யாரு?"

"நீங்கதான். ரூம்ல இல்லாத ஆளைத் தேர்ந்தெடுத்தா வேண்டாம்னு சொல்ல ஆள் இருக்காதே. ஏகமனதாப் போயிடுச்சு."

கலபார் நகர அரசு மருத்துவமனையில் மேற்படிப்புப் பயிற்சியில் இருந்த மருத்துவர்களின் சங்கம் அது. அதற்குத் தலைமை தாங்க யாரும் முன்வராததற்குக் காரணம் பயம் இல்லை, இங்கேயே தங்கப்போகிறவர்கள் குறைவு. போன தலைவர் சவூதியில் இருந்தார். அதற்கு முந்தியவர் இங்கிலாந்தில். அதற்கும் முந்தியவர் கனடாவில் பனி வாருகிற படத்தை அவ்வப்போது அனுப்புவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் விசா கிடைக்கும் என்று ஒரு கேலியே உண்டு. போனவர்கள் போன இடங்களில் நன்றாக இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வேலை மட்டும் இங்கேயே இருந்தது. ஒரு காலத்தில் ஒரு டஜன் பேர் பார்த்த குழந்தைகள் வார்டை இப்போது மாயெனும் இன்னும் மூன்று பேரும் பார்த்தார்கள். சனிக்கிழமை காலை உள்ளே போனால் திங்கள் சாயங்காலம்தான் வெளியே. வீட்டில் அவளுடைய நாலு வயது மகள் அதியாகா அவளை "டாக்டர்" என்றே கூப்பிட்டாள். பள்ளிக்கூட ஆசிரியரான கணவன் எதிம் அதைத் திருத்தப் பார்த்துத் தோற்றிருந்தான்.

பணிநேரத்தில் மருத்துவர்கள் சாய்ந்துகொள்ள என்று ஓர் அறை இருந்தது. அறையில் ஒரே கட்டில். அதன் நடுவில் கம்பி வலை தொங்கிப்போய், படுப்பவரைத் தொட்டில் மாதிரி மடித்துக்கொள்ளும். குழாயில் காற்று வரும். மின்விசிறி சுற்றாது, சுற்றினால் கூரைப் பலகை கூடவே ஆடுகிறது என்று யாரோ ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். அந்தக் கட்டிலுக்கு முறை போட்டுக்கொண்டு மூன்று பிரிவு மருத்துவர்கள் படுத்தார்கள். ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் விழுவார். உபோங்குக்குக் கால் வெளியே நீட்டும். துப்புரவுக்காரி துடைப்பத்தோடு அந்தக் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள்.

தலைவியான மறுவாரமே மாயென் மருத்துவமனை இயக்குநரைப் பார்க்கப் போனாள். பேராசிரியர் ஆர்ச்சிபாங் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கத்துகிறவராக இருந்தால் திருப்பிக் கத்தலாம். அவர் தேநீர் வரவழைத்தார். மனைவி கையால் பொரித்த சின்சின் பலகார டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"நியாயம்தான்மா. எல்லாம் பரிசீலனையில இருக்கு" என்றார். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல தரையில படுத்தோம் தெரியுமா? சாப்பிடு, சாப்பிடு."

வயிறு நிறைந்து, கை வெறுமையாக அவள் வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்த உபோங் அவள் வாயோரத்தைப் பார்த்தான்.

"சின்சின் குடுத்தாரா?"

"குடுத்தார்."

"அப்ப ஒண்ணும் நடக்காது. எல்லாத் தலைவருக்கும் சின்சின் குடுத்துதான் அனுப்பினார். பேசாம வேலைநிறுத்தம் பண்ணுவோம்."

சங்கத்தில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். மாயெனுக்கு மனம் வரவில்லை. முந்தைய வேலைநிறுத்தத்தின்போது, காய்ச்சலில் துவண்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். சந்தையில் மீன் விற்கிற இக்வோ அன்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அதே இக்வோவின் பேரன் இப்போது நிமோனியாவுக்கு மாயெனின் வார்டில் இருந்தான். ஒருநாள் காலை இக்வோ அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, முந்தாநாளும் இதே சட்டைதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. இன்னும் வீட்டுக்குப் போகல."

"ஏன், புருஷனோட சண்டையா?"

மாயென் சிரித்துவிட்டாள். பிறகு அவளிடம் நிலைமையைச் சொன்னாள். இக்வோ வாயைப் பிளந்தாள்.

"எல்லாருக்கும் தனித்தனி ரூம், ஏசி எல்லாம் இருக்குன்னுல்ல நாங்க நினைச்சோம். கூப்பிட்டா லேட்டா வர்றீங்களே, உள்ள சுகமாத் தூங்குறீங்கன்னு எவ்வளவு திட்டியிருக்கேன்."

அந்தப் பேச்சு மாயெனின் மனதில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷமாகச் சங்கம் பேசியதெல்லாம் அதிகாரிகளிடம். ஊருக்கு யாரும் ஒன்றும் சொல்லவேயில்லை.

டிசம்பர் வந்தது. கலபாரில் டிசம்பர் என்றால் தெருவெல்லாம் இறகும் சலங்கையும் பறையுமாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், அரசுத் துறைகள் ஒவ்வொன்றும் தங்கள் வண்டியோடு ஊர்வலம் போக வேண்டும் என்று உத்தரவு. மருத்துவமனையின் வண்டியை இளம் மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். "நல்லா கலகலப்பா இருக்கணும்" என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மாயென் தன் யோசனையைச் சொன்னபோது உபோங் வாயில் வைத்த வாழைக்காயை மென்று விழுங்க மறந்தான்.

"தலைவி, நீங்க இங்கிலாந்து வேலைக்குப் போற பரீட்சை பாஸ் பண்ணியாச்சு. இங்க பயிற்சி முடிச்ச சான்றிதழ் வேணும். அதுல கையெழுத்துப் போட வேண்டியவர் யாரு?"

"ஆர்ச்சிபாங் சார்."

"தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரிஞ்சதால நேத்தெல்லாம் தூக்கமே வரல. அப்புறம் பார்த்தா, கட்டில் காலியே இல்லை. எப்படியும் தூங்கியிருக்க முடியாது."

ஊர்வல நாளில் அரசுத் துறைகளின் வண்டிகள் மயிலும் முதலையும் படகுமாக ஒன்றையொன்று மிஞ்சின. மருத்துவமனையின் திறந்த லாரியில் ஒரு கட்டில் மட்டும் இருந்தது. அறையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த அதே கட்டில், அதே கறை படிந்த மெத்தை. வெள்ளைக் கோட்டுப் போட்ட உபோங் அதில் மடங்கிப் படுத்தான். பறையடித்ததும் இன்னொருவன் அவனை உருட்டித் தள்ளிவிட்டுத் தான் விழுந்தான். அடுத்த அடிக்கு மூன்றாமவள் அவனை இழுத்துப் போட்டாள். கீழே விழுந்தவர்கள் நின்றுகொண்டே தூங்கினார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பறைக்கு ஏற்றபடி இடுப்பை அசைத்துக்கொண்டு. லாரிக்குப் பின்னால் மீதி மருத்துவர்கள் கொட்டாவி விடுவதையே நடனமாக ஆடி வந்தார்கள். தெருவின் இரு பக்கமும் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிள்ளைகள் கூடவே கொட்டாவி விட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மேடையில் மாநிலச் சுகாதார ஆணையர் அன்சா அம்மையார் ஆரஞ்சு நிறத் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இயக்குநர். மருத்துவமனை வண்டி வந்து நின்றதும் ஆணையரம்மாவும் இயக்குநரும் கைதட்டிச் சிரித்தார்கள். இயக்குநர் கட்டிலை அடையாளம் கண்டுகொண்டார். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அறிவிப்பாளன் உற்சாகமாக ஒலிவாங்கியைக் கீழே நீட்டினான். "பிரமாதமான நடிப்பு. டாக்டரம்மா, இதோட பேரு என்ன?"

இதற்கென்று மாயென் எழுதி மனப்பாடம் செய்திருந்த ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

"நடிப்பு இல்லீங்க" என்றாள். குரல் தெருவெங்கும் கேட்டது, அவளுக்கே தூக்கிப்போட்டது. "இது எங்க ரூம் கட்டில். இருக்கிறது இது ஒண்ணுதான். ஊர்வலம் முடிஞ்சதும் திரும்பக் கொண்டுபோய்ப் போடணும். இன்னிக்கு ராத்திரி டியூட்டிக்காரங்களுக்கு வேணும்."

இன்னும் சிரிப்பதா கூடாதா என்று ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து மீன்காரி இக்வோவின் குரல் எழுந்தது.

"ஏ ஆணையரம்மா! எம் பேரனைக் காப்பாத்துன பொண்ணு அது. மூணு நாளா ஒரே சட்டையில நின்னுச்சு. அதுக்குப் படுக்க ஒரு இடம் குடுத்தா உங்க கவர்மெண்டு கவுந்தா போயிடும்?"

சந்தைப் பெண்கள் மொத்தப் பேரும் அவளோடு வந்திருந்தார்கள். அவர்கள் பாடத் தொடங்கினால் பறை தன்னால் சேர்ந்துகொள்ளும். "டாக்டர் தூங்கட்டும், டாக்டர் தூங்கட்டும்" என்று அந்த இடத்திலேயே ஒரு பாட்டுப் பிறந்தது. அன்சா அம்மையார் கெட்டிக்காரர். நாற்காலியை விட்டு இறங்கி வந்து, புன்னகை மாறாமல், இரண்டு பேர் கைகொடுக்க லாரியில் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தார். வலை அவரை ஆசையோடு உள்வாங்கிக்கொண்டது. தலைக்கட்டு மட்டும் வெளியே தெரிந்தது. உபோங்கும் இன்னொருவனும் சேர்ந்து, நோயாளியைத் தூக்குகிற முறைப்படி, கணக்குச் சொல்லி அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

மாயென் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து எதிமிடம், "எல்லாம் போச்சு. சான்றிதழும் போச்சு, வேலையும் போச்சு" என்றாள்.

எதிம் அடுப்பில் கொதித்த அஃபாங் கீரைக்குழம்பைக் கிளறிக்கொண்டே, "போனாப் போகட்டும். இனிமேலாவது வீட்டுல இருப்பியே, அதுவே லாபம்" என்றான். பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியை வைத்தான். "பயமா இருந்தா சொல்லு. கூப்பிட்டு அனுப்பினா நானும் கூட வரேன்."

"வேண்டாம். துணைக்கு ஆள் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்."

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். இயக்குநரின் அறையில் ஆணையரம்மாவும் இருந்தார். மேசையில் தேநீர் இல்லை, சின்சினும் இல்லை. அதைப் பார்த்ததும் மாயெனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நல்லா மானத்தை வாங்கிட்டே, பொண்ணே" என்றார் அன்சா அம்மையார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கே ஆறு புதுக் கட்டில் வரும். ஏசி வரும். தரைக்குக் கல் பதிச்சிடலாம். நானே வந்து திறந்து வைக்கிறேன். நீயும் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்க. போதுமா?"

போதும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் மாயெனுக்கு முதலில் தோன்றியது. ஆறு கட்டில். அந்த வார்த்தையே கண்ணைச் செருகவைத்தது. உபோங் கால் நீட்டிப் படுத்திருப்பதைக் கூட அவள் மனசுக்குள் பார்த்துவிட்டாள். அப்புறம்தான் யோசித்தாள்: ஆறு கட்டிலில் படுக்க யார் இருக்கிறார்கள்?

"கட்டில் சந்தோஷம்மா" என்றாள் மெதுவாக. "ஆனா படுக்க நேரமில்லையே. நாலு பேர் பார்க்கிற வார்டு அது. ஆளைப் போடுங்க. ஒரு நாளைக்கு மேல ஒருத்தரைத் தொடர்ந்து நிக்க வைக்காதீங்க. அதைச் செஞ்சீங்கன்னா பழைய கட்டிலே எங்களுக்குப் போதும்."

"ஆளுக்கு நிதித்துறை அனுமதி வேணும். அது லேசுல நடக்கிற காரியமா? பேராசிரியரே, உங்க காலத்துல இப்படியெல்லாம் கேட்டீங்களா? தரையில படுத்தோம்னு பெருமையாச் சொல்வீங்களே, சொல்லுங்க இவளுக்கு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படுத்தோம்" என்றார். "ஆனா அந்த வார்டுல நாங்க பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருத்தன் படுத்தா பதினொரு பேர் முழிச்சிருப்போம். அதை நான் யார்கிட்டயும் சொல்றதில்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்தப் பொண்ணு கேக்கிறது சரிதான், மேடம். போன மூணு வருஷமா நானே உங்க ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்கணும். கேக்கல."

ஆணையரம்மா அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு நடந்தது பேரம். சந்தையில் மீனுக்கு நடப்பதுபோலவே நடந்தது. மாயென் எட்டுப் பேர் கேட்டாள். ஆணையரம்மா இரண்டு என்றார். இயக்குநர் பெருமூச்சு விட்டார். மாயென் எழுந்து போகிறவள் மாதிரி நாற்காலியைத் தள்ளினாள். "உக்காரு, உக்காரு" என்றார் ஆணையரம்மா. ஐந்து பேர், ஒரு நாளுக்கு மேல் தொடர்பணி கிடையாது, கட்டிலும் உண்டு என்று முடிந்தது. வாசல்வரை போன அன்சா அம்மையார் திரும்பி, "அந்த மீன்காரி பேரு என்ன?" என்று கேட்டார்.

"எதுக்கும்மா?"

"தேர்தல்ல நிக்கப் போறாளான்னு தெரிஞ்சுக்கணும்" என்றார்.

அனுமதி வந்து, விளம்பரம் வந்து, ஆட்கள் வந்து சேர மழைக்காலம் ஆகிவிட்டது. ஐந்து பேர் வந்தார்கள். ஒருவன் இரண்டே வாரத்தில் அயர்லாந்து விசா வந்து, கேக் வெட்டிவிட்டுப் போனான். மீதி நால்வர் இருந்தார்கள். இயக்குநர் மாயெனின் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்திட்டுத் தானே கொண்டுவந்து கொடுத்தார். போகிறாயா இருக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. உபோங் கேட்டான். "இன்னும் முடிவு பண்ணல" என்றாள். அது உண்மைதான்.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் வெளிச்சம் இருக்கும்போதே அவள் வேலை முடிந்து வெளியே வந்தாள். எதிமும் அதியாகாவும் வாசலில் காத்திருந்தார்கள். மூவரும் ஆட்டோ பிடித்து ஆற்றங்கரைக்குப் போனார்கள். மழை விட்டு, ஆறு கலங்கலாக, அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. தணலில் சுட்ட சோளக்கதிர் வாங்கி, ஊதி ஊதித் தின்றார்கள். நடு ஆற்றில் வாழைத்தார் ஏற்றி வந்த படகு ஒன்று இயந்திரம் நின்றுபோய்த் தத்தளித்தது. அதிலிருந்தவர்கள் முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு யாரோ ஒரு பலகையைப் பெயர்த்துத் துடுப்பாக்கினான். இன்னொருத்தி தட்டை எடுத்தாள். மற்றவர்கள் கைகளாலேயே தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்கள், சிரித்துக்கொண்டும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டும். நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுத்தது. அதன் மூக்கு கரையைப் பார்த்துத் திரும்பியது, விலகியது, மறுபடி திரும்பியது. கையிலிருந்த கதிரைக் கடிக்க மறந்து மாயென் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.