மா தீடா என்கிற லதா

ஜூன் மூன்றாம் தேதி காலை ஒன்பது பத்துக்கு, பர்மாவில் தன்லியின் என்ற ஊரின் பாலத்தைத் தாண்டியதும் வரும் சமுதாயக் கல்லூரியின் பதினேழாம் எண் வகுப்பறையில், லதா இரண்டு பேரானாள். காரணம் ஒரே ஓர் எழுத்து. அந்தப் பக்கத்துத் தமிழர் பலருக்கு இரண்டு பெயர் உண்டு. அடையாள அட்டையில் பர்மியப் பெயரையும் வீட்டுப் பெயரையும் ஒட்டிவைப்பது அடைப்புக்குறிக்குள் நிற்கும் ‘க’ என்ற பர்மிய எழுத்து. ‘என்கிற’ என்று பொருள். லதாவின் அட்டையில் ‘மா தீடா (க) லதா’ என்று ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பர்மியர், கரேன், சீனர், தமிழர், வங்காளிகள் என்று பதினோராயிரம் பேர் படிக்கும் கல்லூரி அது. சேர்க்கையின் கடைசி நாள் நெரிசலில் அலுவலக எழுத்தர் ஃபஹீமா அந்த எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பெயரையும் இரண்டு வரியில் ஏற்றிவிட்டாள். முதல் நாள் ஆசிரியர் மா தீடாவைக் கூப்பிட்டார். லதா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து ‘ஷிபாடே’, இருக்கிறேன், என்று குரல் வந்தது. அதே முகம், அதே செருப்பு. ஆசிரியர் இருவருக்கும் வருகை போட்டுவிட்டுத் தையல் இயந்திரத்தின் பாகங்களை வரையத் தொடங்கினார்.

வீட்டில் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. லதாவின் புருஷன் முரளிதரன், கியாக்தான் ஊருக்குப் பஸ் ஓட்டுகிறவன், அரிசி போதுமா என்று ஒருமுறை கேட்டான். போதும் என்றதும் சாப்பிட உட்கார்ந்தான். வகுப்புப் பட்டியலில் முதலில் இருப்பவள் தான் என்பதால் தானே மூத்தவள் என்று மா தீடா சாதித்தாள். லதாவைத் தங்கச்சி என்ற பொருளில் ‘ஞிமா’ என்றே கூப்பிட்டாள். வந்த வாரமே வார்டு அலுவலகத்தில் மூன்று வருடமாகத் தேங்கிக் கிடந்த குடும்பப் பட்டியல் விவகாரத்தை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வந்தாள். லதாவுக்கு இதில் எரிச்சல்தான். பர்மிய எழுத்தும் பேச்சுச் சாமர்த்தியமும் மொத்தமாக அவளோடு போய்விட்டன. லதாவுக்கு மிஞ்சியது இரண்டு கை.

அந்தக் கை இஸ்திரி மேசையில் பதினொரு வருடம் தேய்ந்தது. அதே ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திர மெக்கானிக் வேலை காலியாக இருந்தது. தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் சான்றிதழைக் கொண்டுவந்தால் லதாவுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று மானேஜர் சொல்லியிருந்தார். ஏப்ரலில், திருவிழாவுக்கு இரண்டு மூன்று நாளே இருக்கும்போது, தேர்வு முடிவு வந்தது. மா தீடா எழுத்துத் தேர்வில் தொண்ணூற்றொன்று, செய்முறையில் ஆறு. லதா செய்முறையில் தொண்ணூற்று நாலு, எழுத்துத் தேர்வில் மூன்று. இரண்டிலும் தேற வேண்டும் என்பது விதி. இருவரும் தோல்வி.

இருவரும் ஃபஹீமாவின் ஜன்னல் முன்னால் போய் நின்றார்கள்.

“அந்த ஒரு எழுத்தைச் சேத்துட்டா நீங்க ஒரே ஆளு லதாக்கா, ரெண்டுலயும் பாஸு,” என்றாள் ஃபஹீமா. “ஆனா அப்புறம் யாரு மிச்சம் இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. தப்பு என் மேலதான். ஆனா போன ஆள என்னால திருப்பிக் கொண்டாற முடியாது.”

லதா யோசித்தாள். அட்டையில் பர்மியப் பெயர்தான் முன்னால் நிற்கிறது. அடைப்புக்குறிக்குப் பின்னால் இருப்பவள் அவள்தான். அழியப்போகிறவள் தான்தான் என்று அவளுக்குப் பட்டது.

“நான் போனா மெஷின யாரு பிரிப்பா?” என்றாள். “இவ நூல் சுத்துற பாபின விசிலு மாதிரி வாயில வச்சு ஊதுறவ.”

“ஞிமா, நான் மூத்தவ. போறதுன்னா நானே போறேன்,” என்றாள் மா தீடா. “ஆனா கரண்ட் ஆபீஸ்ல புதன்கிழமை வரச் சொல்லியிருக்கான். அத முடிச்சுட்டுப் போறேன்.”

லதா அவளைப் பார்த்தாள். பத்து மாதத்தில் இவள் விட்டுக்கொடுத்துப் பேசியது இதுவே முதல் தடவை. மானேஜர் புதன்கிழமை வரை பொறுக்க மாட்டார் என்பதும் தெரியும். லதா மா தீடாவின் மணிக்கட்டை, கழன்றுவிடாதபடி, திருகாணி முறுக்குவதுபோல் பிடித்துக்கொண்டு, “போடு ஃபஹீமா,” என்றாள்.

ஃபஹீமா பிஸ்மில்லாஹ் சொல்லி எழுத்தைப் போட்டாள். திரையில் இரண்டு வரி ஒரு வரியானது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் இரண்டு பேராகவே நின்றார்கள். ஃபஹீமா எட்டிப் பார்த்து எண்ணினாள். வரிசையில் பின்னால் நின்ற த்வாண்டே ஊர்க்காரர், ஆகிவிட்டதென்றால் நகரலாமே என்றார். மா தீடா கையெழுத்துப் போட்டாள். லதா சான்றிதழை வாங்கிக்கொண்டாள். பிடித்த கையை பஸ் ஏறும்போதுதான் விட்டாள்.

தொழிற்சாலையில் மானேஜர் சான்றிதழைப் படித்தார். எதிரில் நின்ற இருவரையும் பார்த்தார். அடைப்புக்குறிக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று மட்டும் கேட்டார், சொன்னார்கள். மறுநாள் மெக்கானிக்கின் ஸ்டூலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள்.