அந்தச் சகோதரி

"நம்ம நடுவுல ஒரு சகோதரி," என்று போதகர் ஆரம்பித்ததும், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எத்தனையோ வருஷமா விசுவாசத்துல இருக்கிறவங்க. இப்ப ஜெபமே வரலையாம். மேல யாரும் கேக்கிற மாதிரியே தெரியலையாம்."

அட பாவி மனுஷா! வியாழக்கிழமை துணி பிழிந்துகொண்டே அவள் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை. தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் முழங்கால் தேய ஜெபித்தவள் அவள். தங்கை போய்விட்டாள். அதோடு உள்ளே ஏதோ வற்றிப்போனது. ஊருக்குக் கஷ்டம் வந்தால் போதகரம்மாவிடம் வருவார்கள். போதகரம்மா யாரிடம் போவாள்? மாதக்கணக்கில் மென்று விழுங்கிவிட்டு, கடைசியில் கட்டினவரிடம் கொட்டினாள். அவர் புத்தி சொல்லவில்லை. துணியின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக் கொடுத்தார். அந்த ஒன்றுக்காகவே அவர்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை வந்தது. இப்போதல்லவா தெரிகிறது, பிரசங்கத்துக்கு உதாரணம் கிடைக்காமல் மனுஷன் தவித்துக்கொண்டிருந்தது!

மரச்சாமான் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறை. பாதி நாற்காலிகள் காலி. இருந்த கொஞ்சம் பேரும் யாராயிருக்கும் என்று ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் அளந்தார்கள். அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தெரிந்தால் அவ்வளவுதான். 'பொண்டாட்டிக்கே விசுவாசம் இல்ல, இவர் நமக்குச் சொல்ல வந்துட்டார்' என்று மிச்சமிருப்பவர்களும் பக்கத்துத் தெருப் பெரிய சபைக்குப் போய்விடுவார்கள்.

"அம்மா, நீங்க வந்து அந்தச் சகோதரிக்காக ஜெபிங்க," என்றார் போதகர், மனைவியைப் பார்த்து.

எழுந்து போனாள். வேறென்ன செய்வாள்? மைக்கை நீட்டியவர், அவள் பிடித்த பிறகும் அதை விடவில்லை. செய்த காரியம் அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர்கள் இருவர் மட்டும் மூடவில்லை. அவள் வாயைத் திறந்தாள். "அன்புள்ள பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தது வழுக்கிக்கொண்டு ஓடியது. காலங்காலமான பழக்கம், வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஒரு தடுமாற்றம் இல்லை, உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லை. எல்லோரும் மனம் நிறைந்து "ஆமென்" என்றார்கள்.

ஆராதனை முடிந்ததும், "என்ன ஜெபம்மா!" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். போதகர் அவள் முகத்தைப் பார்க்காமல் மைக் வயரைச் சுருட்டினார். தையல்காரி மட்டும் போகவில்லை. வாயாடி, பாட்டு என்றால் கூரை கிளம்பப் பாடுகிறவள். நாற்காலி அடுக்குகிற சாக்கில் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, அந்த அக்கா யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். பார்த்தா ஒண்ணு மட்டும் சொல்றீங்களா?"

"என்னன்னு?"

"எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு. ரொம்ப நாளா." குரல் இறங்கிப்போனது. "ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சாவியோடு வாசலில் நின்ற போதகரை, "நீங்க முன்னால போங்க," என்று அனுப்பினாள். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அடுக்கிலிருந்து இரண்டு நாற்காலிகளை உருவி எதிரெதிரே போட்டாள்.